இறுக்கினால் எல்லாம் சரியாகாது: ட்ரம்ஸ் வாசிப்போர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மட்டக்களப்பிலோ கல்முனையிலோ ரொக் பாண்டில் ட்ரம்ஸ் வாசிப்பவர் ரொக்கை மட்டும் நம்பிக் காலம் தள்ள முடியாது. கோயில் திருவிழா, கல்யாண வரவேற்பு, விளையாட்டுக் கழக விழா என்று கிடைக்கிற மேடையெல்லாம் ஏற வேண்டும். இருப்பதோ ஒரு செட். வாவிக் காற்று, மாரி மழை, ஓட்டோப் பயணம் மூன்றையும் அதுவே தாங்க வேண்டும். அது கெடுவதற்குப் பெரும்பாலும் ஒரே பழக்கம்தான் காரணம்: எது சரியில்லை என்றாலும் இன்னும் கொஞ்சம் இறுக்குவது, இன்னும் கொஞ்சம் ஓங்கி அடிப்பது.

செட்டில் எளிதில் மாற்ற முடியாத விலையுள்ள பொருள் சிம்பல் என்ற உலோகத் தட்டு. அடித்தால் ஆடுகிறதே என்று மேலிருக்கும் விங் நட்டைத் திருகி முறுக்குவார்கள். சிம்பல் ஆடத்தான் வேண்டும். ஆட விடாவிட்டால் அடியின் விசை போக்கிடமில்லாமல் உலோகத்திலேயே தங்கும். ஒருநாள் விளிம்பில் மயிரிழைபோல் வெடிப்பு விழும். மேலும் கீழும் ஃபெல்ட் வளையம், நடுக்கம்பிக்குப் பிளாஸ்டிக் உறை, கையால் ஆட்டினால் தாராளமாக அசையும் அளவுக்கு நட் - இவ்வளவுதான் கணக்கு. உறை தொலைந்துவிட்டால் அப்படியே விடாதீர்கள். கம்பியின் புரி அராவி அராவி நடு ஓட்டையை நீள்வட்டமாக்கிவிடும். பொருந்துகிற பிளாஸ்டிக் குழாயில் ஒரு துண்டு வெட்டிப் போட்டாலும் தப்பிக்கலாம். ஓங்கி ஒலிக்க அடிக்கும் கிராஷ் சிம்பலைச் சற்றுச் சரித்து வைத்து, விளிம்பை வழுக்கிச் செல்வதுபோல் அடிக்க வேண்டும், நேராக வெட்டக்கூடாது. இன்னொன்று: குத்துவிளக்கைப்போல் புளி போட்டுத் துலக்கவே வேண்டாம். மேற்பூச்சும் அச்சிட்ட பெயரும் போய்விடும். உலர்ந்த துணியால் கைரேகையைத் துடைத்தால் போதும்.

அடுத்தது தோல். பேச்சுவழக்கில் தோல் என்றாலும் இது பொலியெஸ்டர் தாள். பறையை அனல் காட்டிச் சுருதி ஏற்றுகிற ஊர் என்பதால், வெயிலில் வைத்தால் இதுவும் விறைக்கும் என்று சிலர் நினைக்கிறார்கள். விறைக்காது, பலகை உடல்தான் கோணும். சுருதி இறங்கினால், திருகாணிகளைத் திருகும் ட்ரம் கீயை எடுங்கள். புதுத் தோல் போடும்போது எல்லாத் திருகாணிகளையும் முதலில் விரலால் முட்டும்வரை திருக வேண்டும். பிறகு ஒன்றை அரைச்சுற்று, அதற்கு நேரெதிரே உள்ளதை அரைச்சுற்று என்று மாறி மாறிப் போக வேண்டும். சுருக்கம் மறைந்ததும் காற்சுற்றுப் போதும். வட்டமாகப் பக்கத்தில் பக்கத்தில் இறுக்கிப் போனால் தோலைப் பிடித்திருக்கும் வளையம் ஒருபக்கம் சாயும்; அதற்குப்பின் எவ்வளவு முறுக்கினாலும் ஒலி ஊளையிடும். அடியில் கம்பி வலை பூட்டிய சிறிய ட்ரம்மான ஸ்னேரின் அடித்தோல் மேல்தோலைவிட மிக மெல்லியது. கிடைத்தது என்பதற்காகத் தடித்த தோலை அடியில் போட்டால் கம்பி வலை சரியாகச் சிலிர்க்காது.

மாரியில், கார்த்திகை மார்கழி ஈரத்தில், செட்டைச் சீமெந்துத் தரையில் வைக்காமல் பலகை மேல் வையுங்கள். கடலோர மேடைக்குப் போய் வந்த அன்றிரவே வளையங்களையும் ஸ்டாண்ட் கால்களையும் துடைத்து, பெடல் ஸ்பிரிங் மாட்டும் இடத்தில் ஒரு துளி தையல் மெசின் எண்ணெய் விடுங்கள். உப்பு மறுநாள்வரை காத்திருக்காது. ஓட்டோவில் ஏற்றும்போது இடம் மிச்சம் பிடிக்க ஸ்டாண்டுகளை, காலால் அடிக்கும் பெரிய பேஸ் ட்ரம்முக்குள் செருகினால், கல்லடிப் பாலம் தாண்டுவதற்குள் உட்பலகை கீறிவிடும்.

இனி மேடை. திறந்த வெளியில் ஒலியைத் திருப்பித்தரச் சுவர் இல்லை. பயிற்சி அறையில் இடித்த ஸ்னேர் இங்கே சப்பென்று கேட்கும். உடனே ஓங்கி அடிக்கத் தோன்றும். வேகம் கூடும், குச்சி முறியும். வாசிப்பவருக்குக் கேட்க வைக்கும் ஸ்பீக்கரான மொனிற்றரை, ஹை-ஹாட் என்ற இரட்டைச் சிம்பல் பக்கம் வைக்கச் சொல்லி, அதில் பேஸ் கிற்றாரையும் பாடகர் குரலையும் மட்டும் கேளுங்கள். தூரத்து ஸ்பீக்கரில் வரும் ஒலியைப் பின்பற்றவே கூடாது. ஒலி நொடிக்கு ஏறத்தாழ 350 மீற்றர் போகும். 35 மீற்றர் தள்ளிக் கட்டிய ஸ்பீக்கர் ஒலி 0.1 நொடி பிந்தித்தான் வரும். நிமிடத்துக்கு 120 தாள அடி வேகத்தில் ஓர் அடியே அரை நொடிதான். அந்த ஸ்பீக்கரைக் கேட்டு வாசிப்பவர் அடிக்கு அடி இழுபடுவார். குழு முழுவதும் அவரோடு இழுபடும். பலகை மேடையானால் பேஸ் ட்ரம்முக்கும் ஆசனத்துக்கும் சேர்த்து ஒரே கயிற்றுப் பாயை விரியுங்கள். உங்கள் எடை பாயை அமுக்குவதால் ட்ரம் முன்னால் நகராது.

ஒன்பது மணிக்குமேல் யாராவது பைலா கேட்பார்கள், அது நிச்சயம். நான்கு எண்ணிக்கைத் தாளமான 4/4 ரொக்கிலிருந்து பைலாவின் ஆறு எண்ணிக்கைத் தாளமான 6/8-க்கு மாறும்போது ஆறையும் ஒரே கனத்தில் அடிப்பதுதான் வழக்கமான சறுக்கல். 1-இலும் 4-இலும் கனம் விழுந்தால் ஆறு இரண்டாகப் பிரியும், ஆட்டமும் வரும். முன்னே வாசித்த ரொக் பாட்டின் ஒரு தாள அடி பைலாவின் மூன்று எண்ணிக்கைக்குச் சமம் என்று மனதில் பிடித்துக்கொண்டு மாறினால் கால் இடறாது.

காதுக்குப் பஞ்சு அடைப்பது பெரிதாக உதவாது. 85 டெசிபலில் 8 மணி நேரம்வரை பரவாயில்லை என்பது பொதுவான வரம்பு. கூடும் ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் நேரம் பாதியாகும். 100 டெசிபலில் 15 நிமிடம்தான். தகரக் கூரை அறையில் மூடிக்கொண்டு இரண்டு மணி நேரம் பயிற்சி செய்வது மேடையைவிட மோசம். ஃபோம் அடைப்பானை விரலால் உருட்டி மெலிதாக்கி, காதின் மேல்நுனியைப் பின்னால் இழுத்தபடி உள்ளே விட்டு, அது விரியும்வரை அரை நிமிடம் விரலால் பிடித்திருங்கள். வெளியே துருத்திக்கொண்டு நின்றால் சரியாகப் போகவில்லை. எடுத்து மறுபடி உருட்டிப் போடுங்கள்.