மறதி நோய் உள்ள அம்மாவுக்குச் சின்ன ஹோம் பார்க்கப் போகிறீர்களா? சாயங்காலம் போங்கள்

அம்மாவுக்கு டிமென்ஷியா என்று தெரிந்தபிறகு நாலு வருடம் வீட்டிலேயே வைத்துப் பார்த்தோம். கேஸைத் திறந்துவிட்டு மறந்துபோவது, ராத்திரி இரண்டு மணிக்குப் புடவை மாற்றிக்கொண்டு "ஸ்கூலுக்கு நேரமாச்சு" என்று கிளம்புவது, எல்லாவற்றையும் சமாளித்தாயிற்று. ஒருநாள் தெருமுனை வரை தனியாகப் போய் விழுந்து மணிக்கட்டு முறிந்தது. அதற்கப்புறம்தான் ஹோம் பார்க்கத் தொடங்கினோம்.

தாம்பரம், சேலையூர், மேடவாக்கம் பக்கம் ஏழு இடம் ஏறி இறங்கினோம். எல்லாமே சின்ன ஹோம்கள். ஒரு தனி வீட்டை வாடகைக்கு எடுத்து எட்டுப் பேர், பத்துப் பேர், அதிகம் போனால் பதினைந்து பேரை வைத்துப் பார்ப்பவை. இந்த மாதிரி இடங்களில் ஒன்றைப் புரிந்துகொள்ள வேண்டும். நடத்துகிற ஒருவர், கூட இருக்கும் மூன்று நாலு கேர்டேக்கர்கள், சமையலுக்கு ஒருவர், இவர்கள்தான் ஹோம். இவர்களில் இரண்டு பேர் வேலையை விட்டுப் போனால் அதே வீடு வேறு இடமாகிவிடும். அதனால் டைல்ஸையும் ஏசியையும் கடைசியில் பார்க்கலாம், முதலில் ஆட்களைப் பாருங்கள்.

படி 1: அம்மாவைப் பற்றி ஒரு பக்கம் எழுதுங்கள்

ஹோமைத் தேடுவதற்கு முன்னால் இது. நடக்கிறாரா, பிடித்துக்கொண்டு நடக்கிறாரா? பாத்ரூம் போகத் தானே கேட்கிறாரா, டயபரா? ராத்திரி எத்தனை தடவை எழுந்திருக்கிறார்? விழுங்கும்போது புரையேறுகிறதா? எதைக் கண்டால் பயம்? யாரையாவது அடிக்கிறாரா, திட்டுகிறாரா? இதை எழுதக் கூச்சமாக இருக்கும். ஆனால் மறைத்துச் சேர்த்துவிட்டால் பத்தாம் நாள் "உங்க அம்மாவை வந்து கூட்டிட்டுப் போங்க" என்று போன் வரும்.

என்ன மொழி பேசுவார் என்பதையும் எழுதுங்கள். சென்னை ஹோம்களில் வேலை பார்ப்பவர்கள் நிறைய பேர் ஒடிசா, ஜார்க்கண்ட் பக்கத்துப் பிள்ளைகள். நல்ல பிள்ளைகள்தான், ஆனால் எப்போதோ கற்ற இங்கிலீஷை மறந்து பிறந்த ஊர்ப் பேச்சுக்கே திரும்பிவிட்ட ஒரு பாட்டி "வயித்த வலிக்கி" என்றால் அவர்களுக்குப் புரியுமா? ஒவ்வொரு ஷிஃப்டிலும் தமிழ் தெரிந்த ஒருவராவது இருக்கிறாரா என்று கேளுங்கள்.

படி 2: போனிலேயே பாதியைக் கழித்துவிடுங்கள்

இரண்டு கேள்வி போதும். "டிமென்ஷியா உள்ளவங்களை எடுப்பீங்களா, வெளியே கிளம்புறவங்களையும் எடுப்பீங்களா?" பல முதியோர் இல்லங்கள் தன் வேலையைத் தானே பார்த்துக்கொள்கிறவர்களை மட்டும்தான் சேர்க்கும். அடுத்தது, "படுத்த படுக்கையாயிட்டாலும், டியூப்ல சாப்பாடு போட்டாலும் வச்சுப்பீங்களா?" இந்த நோய் கூடிக்கொண்டேதான் போகும். நடக்கும் வரை வைத்துக்கொண்டு, கஷ்டமான கட்டத்தில் அனுப்பிவிடுகிற இடத்தில் சேர்த்தால் மோசமான நேரத்தில் மறுபடி வேட்டை தொடங்கும்.

பதிவு எண்ணையும் கேட்டு வையுங்கள். முதியோர் இல்லம் என்றால் சமூக நலத் துறையின் பதிவு. மனநல சிகிச்சையும் தருவதாகச் சொன்னால் 2017 மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் கீழ் மாநில மனநல ஆணையத்தின் பதிவு. பேப்பர் இருந்துவிட்டால் நல்ல இடம் என்று அர்த்தமில்லை. ஆனால் கேட்டதும் "அதெல்லாம் எதுக்கு சார்" என்று சிரித்தால் அடுத்த நம்பரைப் போடுங்கள். யாரை விசாரிப்பது என்றே தெரியாவிட்டால் மூத்த குடிமக்களுக்கான இலவச உதவி எண் 14567 இருக்கிறது.

படி 3: மூன்று தடவை போங்கள், ஒரு தடவையாவது சொல்லாமல்

முதல் தடவை சொல்லிவிட்டுக் காலை பதினொரு மணிக்குப் போங்கள். அது அவர்கள் காட்ட நினைப்பதைப் பார்க்க. அப்போதும் ஒன்று கவனிக்கலாம்: எல்லாரும் தூங்குகிறார்களா? நாங்கள் போன ஒரு இடத்தில் ஹாலில் வரிசையாக ஒன்பது நாற்காலி, ஒன்பது பேரும் தலை தொங்கிய நிலையில். "அமைதியா இருப்பாங்க சார், தொந்தரவே கிடையாது" என்றார் நடத்துகிறவர். மறதி நோய்க்காரர்கள் ஒன்பது பேர் பகல் பதினொரு மணிக்குச் சேர்ந்து அமைதியாக இருந்தால் அது மாத்திரையின் வேலையாக இருக்கலாம். மாத்திரையைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

இரண்டாவது தடவை சாயங்காலம் ஐந்தரைக்குமேல், சொல்லாமல். வெளிச்சம் இறங்கும்போது இந்த நோய் உள்ளவர்களில் பலருக்குப் பதற்றம் ஏறும். "வீட்டுக்குப் போகணும்" என்று கதவைத் தட்டுவார்கள். அதே நேரத்தில்தான் பகல் ஆட்கள் கிளம்பி ராத்திரி ஆட்கள் வருவார்கள், சமையலறையில் வேலை ஓடும். ஹோமின் நிஜமான முகம் இந்த ஒரு மணி நேரத்தில் தெரிந்துவிடும்.

சேலையூர் பக்கம் ஒரு ஹோமில் அப்படிப் போனபோது ஒரு தாத்தா மஞ்சள் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வாசல் கிரில்லைப் பிடித்து நின்றார். "கடைசி பஸ் போயிரும், திறங்கப்பா." அந்தக் கேர்டேக்கருக்கு இருபத்தைந்து வயதுகூட இருக்காது. பையை வாங்கவில்லை, கையைப் பிடித்து இழுக்கவில்லை. "கண்டக்டர் டீ குடிக்கப் போயிருக்கார் ஐயா. உட்காருங்க, வண்டி எடுக்கிறப்ப நானே ஏத்தி விடுறேன்" என்று பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டார். தாத்தா பையை மடியில் வைத்துக்கொண்டார். பத்து நிமிடத்தில் பஸ் மறந்துபோய் இட்லி பற்றிப் பேச்சு வந்துவிட்டது. இன்னொரு ஹோமில் இதே நேரம் இதே மாதிரி ஒரு பாட்டியிடம், "உங்க வீட்டுக்காரர் செத்து பத்து வருஷம் ஆச்சு, பேசாம உட்காருங்க" என்று ஒருவர் சொன்னார். அந்தப் பாட்டிக்கு அந்தச் செய்தி அன்றுதான் முதல் தடவை.

மூன்றாவது தடவை சாப்பாட்டு நேரம். நின்றுகொண்டு ஊட்டுகிறார்களா, உட்கார்ந்து ஊட்டுகிறார்களா? ஒரே கிண்ணம், ஒரே ஸ்பூனில் மூன்று பேருக்கா? சாம்பார், பொரியல், தயிர் எல்லாவற்றையும் ஒன்றாகப் பிசைந்து சாந்து மாதிரி ஆக்கித் தருகிறார்களா? விழுங்கச் சிரமப்படுபவரைப் படுக்கவைத்து ஊட்டினால் சாப்பாடு நுரையீரலுக்குள் போய் நிமோனியா வரலாம். நிமிர்த்தி உட்காரவைத்துத்தான் ஊட்ட வேண்டும், சாப்பிட்டு அரை மணி நேரமாவது அப்படியே வைத்திருக்க வேண்டும். எல்லார் கைக்கும் எட்டுகிற இடத்தில் தண்ணீர் இருக்கிறதா, அந்த டம்ளர்கள் நனைந்திருக்கின்றனவா என்றும் பாருங்கள்.

வாடையைப் பற்றி எல்லாரும் சொல்வார்கள். மூத்திர வாடை ஒரு தடவை வந்தால் தப்பில்லை, யாரோ இப்போதுதான் போயிருப்பார். அரை மணி நேரம் கழித்து அதே மூலையில் அதே வாடை அடித்தால்தான் யோசிக்க வேண்டும். வீடு முழுக்க ஃபினாயில் மணந்தாலும் எனக்குச் சந்தேகம்தான்.

படி 4: "ராத்திரி இரண்டு மணிக்கு யார் இருப்பாங்க?"

"பன்னிரண்டு பேருக்கு நாலு ஸ்டாஃப்" என்பார்கள். கேட்க நன்றாக இருக்கும். கணக்குப் போடுங்கள். பன்னிரண்டு மணி நேர ஷிஃப்ட் என்றால் ஒரு நேரத்தில் இரண்டு பேர். ஒருவருக்கு வார லீவு, அல்லது பொங்கலுக்கு ஊருக்குப் போய்விட்டார் என்றால் மிச்சம் ஒருவர். அந்த ஒருவர் ஒரு பாட்டியைப் பாத்ரூமில் பிடித்துக்கொண்டிருக்கும்போது மற்ற பதினொரு பேரை யார் பார்ப்பது?

அதனால் மொத்த எண்ணிக்கையைக் கேட்காதீர்கள். நேற்று ராத்திரி இருந்தவர்கள் யார் யார் என்று பெயரோடு கேளுங்கள். அவர்கள் எத்தனை மாதமாக இருக்கிறார்கள், ராத்திரி விழித்திருப்பார்களா அல்லது பாய் போட்டுப் படுப்பார்களா? படுக்கையில் இருப்பவர்களை இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவையாவது திருப்பிப் படுக்கவைக்காவிட்டால் படுக்கைப்புண் வரும். திருப்பியதைக் குறித்து வைக்கும் நோட்டைக் காட்டச் சொல்லுங்கள். ஒரு வாரத்துக்கான நேரமெல்லாம் ஒரே பேனாவில், ஒரே கையெழுத்தில் இருந்தால் ஒரே மூச்சில் எழுதியது என்று புரிந்துகொள்ளலாம்.

படி 5: மாத்திரையும் கட்டிப்போடுவதும்

யார் மருந்து எழுதுகிறார், எத்தனை நாளுக்கு ஒரு தடவை டாக்டர் வருகிறார், புதிதாக ஒரு மாத்திரை தொடங்கினால் உங்களைக் கேட்பார்களா? பதற்றத்தைக் குறைக்க க்வெட்டியாபின், ரிஸ்பெரிடோன், ஹாலோபெரிடால் மாதிரியான மாத்திரைகள் தருவதுண்டு. சில நேரம் தேவைப்படும். ஆனால் டிமென்ஷியா உள்ள முதியவர்களுக்கு இந்த வகை மருந்துகளால் உயிராபத்து கூடுகிறது என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2005 முதலே (ஹாலோபெரிடால் மாதிரிப் பழைய மருந்துகளுக்கு 2008 முதல்) எச்சரித்து வருகிறது. "தூங்கலைன்னா ஒரு அரை மாத்திரை சேர்த்துக் கொடுப்போம்" என்று நடத்துகிறவரே சொன்னால், அந்த அரை மாத்திரையை எழுதிக்கொடுத்த டாக்டர் யார் என்று கேளுங்கள்.

கட்டிப்போடுவதைப் பற்றி நேரடியாகவே கேட்கலாம். ஏர்வாடியில் 2001 ஆகஸ்ட் 6 அன்று ஒரு மனநலக் காப்பகத்தில் தீப்பிடித்தபோது, சங்கிலியில் கட்டப்பட்டிருந்ததால் தப்ப முடியாமல் 28 பேர் இறந்துபோனார்கள். 2017 சட்டம் சங்கிலியால் கட்டுவதை முழுதாகத் தடைசெய்திருக்கிறது. சின்ன ஹோம்களில் சங்கிலி இருக்காது, பழைய துப்பட்டா இருக்கும். நாற்காலியின் பின்பக்கத்தைப் பாருங்கள். கிரில் கேட்டின் சாவி யாரிடம் இருக்கிறது, தீப்பிடித்தால் ராத்திரியில் யார் திறப்பார் என்பதையும் இங்கேயே கேட்டுவிடுங்கள்.

நான் எல்லா இடத்திலும் கேட்ட கேள்வி இது: "நேத்து வரைக்கும் சரியா இருந்தவங்க இன்னிக்குத் திடீர்னு ரொம்பக் குழம்பினா என்ன பண்ணுவீங்க?" ஏழில் நாலு இடத்தில் "இந்த நோய்ல அப்படித்தான் சார்" என்றார்கள். ஒரே ஒரு சிஸ்டர்தான், "முதல்ல ஜுரம் பார்ப்போம், யூரின் இன்ஃபெக்ஷனா இருக்கும், மலச்சிக்கலா இருக்கும், தண்ணி குடிக்காம இருந்திருப்பாங்க, டாக்டருக்குப் போன் பண்ணுவோம்" என்றார். திடீர்க் குழப்பத்துக்குப் பெரும்பாலும் இப்படி ஒரு காரணம் இருக்கும். சரியான பதில் அதுதான்.

படி 6: வீடு

பாத்ரூமில் கைப்பிடி, வழுக்காத தரை, ராத்திரி விளக்கு, உள்ளே தாழ்ப்பாள் இல்லாத கதவு. இன்வெர்ட்டர் உண்டா? மாடி என்றால் லிஃப்ட் நின்றுபோனால் எப்படி இறக்குவார்கள்? சென்னையில் இன்னொரு கேள்வியும் உண்டு: 2015 டிசம்பரிலும் 2023 மிக்ஜாம் புயலின்போதும் இந்தத் தெருவில் தண்ணீர் எவ்வளவு நின்றது? முடிச்சூர், பள்ளிக்கரணை பக்கமெல்லாம் தரைத்தளத்தில் படுக்கை நோயாளிகளை வைப்பது விளையாட்டில்லை. இதை ஹோமில் கேட்காமல் எதிர்ப் பெட்டிக்கடையில் கேளுங்கள். ஹோமைப் பற்றியும் அவர் நாலு வார்த்தை சொல்வார்.

படி 7: பணம்

மாதக் கட்டணத்தில் எது அடங்காது என்று கேளுங்கள். டயபர் ஒரு நாளைக்கு நாலு என்றால் மாதத்துக்கு 120. அதை நாம் வாங்கித் தரலாமா, அவர்களிடம்தான் வாங்க வேண்டுமா? ஆஸ்பத்திரியில் சேர்த்தால் கூட யார் இருப்பார், அந்த நாட்களுக்கும் முழுக் கட்டணமா? அட்வான்ஸ் எப்போது திரும்பும்? அம்மா இறந்துபோனால் மிச்ச நாளுக்கான பணம் என்னாகும்? கடைசிக் கேள்வி வாயில் வராது, ஆனால் எழுத்தில் இருக்க வேண்டும். எங்களுக்குத் தெரிந்த ஒரு குடும்பத்துக்கு அட்வான்ஸ் திரும்பி வர எட்டு மாதம் ஆயிற்று.

படி 8: ஒரு மாதம் வைத்துப் பாருங்கள்

முடிந்தால் முதல் மாதம் சோதனை என்று பேசிக்கொள்ளுங்கள். சேர்க்கும் அன்றே எடை பாருங்கள், மாதாமாதம் அதே மெஷினில் பாருங்கள். அவர்கள் என்ன சொன்னாலும் எடை பொய் சொல்லாது. போகிறபோது குதிகாலையும் இடுப்புக்குக் கீழேயும் தொட்டுப் பாருங்கள். படுக்கைப்புண் முதலில் சிவப்பாகத் தொடங்குவது அங்கேதான்.

முதல் இரண்டு மூன்று வாரம் அழுவார், "என்னை ஏன் இங்கே விட்ட" என்பார். சொந்தக்காரர்களும் பேசுவார்கள். 2023இல் வந்த ஆய்வின்படி இந்தியாவில் 60 வயதைத் தாண்டியவர்களில் 7.4 சதவீதம் பேருக்கு டிமென்ஷியா இருக்கிறது. பேசுகிற சித்தப்பா வீட்டிலும் இது வரலாம் என்று மனதுக்குள் நினைத்துக்கொண்டு நான் வாயை மூடிக்கொண்டேன்.

நாங்கள் கடைசியில் தேர்ந்தெடுத்தது பஸ் கண்டக்டர் டீ குடிக்கப் போன ஹோமைத்தான். அது ஏழில் பழைய கட்டடம், சுவரில் பெயின்ட் உரிந்திருக்கும். ஆனால் சேர்க்கப் போன அன்று அவர்கள் கேட்ட முதல் கேள்வி, "அம்மாவை எப்படிக் கூப்பிடணும்?" முப்பத்திரண்டு வருடம் ஆறாம் வகுப்பு எடுத்தவர், பாட்டி என்றால் திரும்ப மாட்டார், டீச்சர் என்று கூப்பிடுங்கள் என்றேன். எழுதிக்கொண்டார்கள்.

கடைசியாக, சேர்க்கிற அன்று என்ன எடுத்துப் போவது. நகை வேண்டாம். வளையலையும் சங்கிலியையும் வீட்டிலேயே கழற்றிவிடுங்கள். வருடக்கணக்கில் கழற்றாத மூக்குத்தி என்றால் முதல் நாளே பத்தரிடம் கூட்டிப்போங்கள், அவசரத்தில் இழுத்தால் புண்ணாகிவிடும். கண்ணாடி, பல்செட் டப்பா, புடவைகள் எல்லாவற்றிலும் பெயர் போடுங்கள். அழியாத பேனாவில் போட்டால் சலவையில் மாறிப்போகாது. புதுப் போர்வை வாங்காதீர்கள், வீட்டில் போர்த்திக்கொண்டிருந்ததையே துவைக்காமல் கொடுங்கள். அப்புறம் அவர் காபி குடிக்கிற டவரா டம்ளர். அம்மாவுடையதில் அடியில் அப்பா பெயர் வெட்டியிருக்கும், அதனால் அதற்கு மட்டும் பேனா தேவைப்படவில்லை.