மணலில் புதைந்த வண்டி: தனியாக மீட்ட என் அனுபவம்

பாலைவனத்தில் ஆள் நடமாட்டமே இல்லாத பாதை. நானும் என் ஃபோர் வீல் டிரைவ் வண்டியும்தான். ஒரு மணல் மேட்டில் வேகம் குறைந்ததும் பின்சக்கரங்கள் இறங்கிவிட்டன. பதற்றத்தில் ஆக்சிலேட்டரை மிதித்ததுதான் தப்பு. அச்சு வரை புதைந்து, வண்டியின் அடிப்பாகம் மணலில் உட்கார்ந்துவிட்டது.

என்ஜினை அணைத்தேன். தண்ணீர் குடித்தேன். அப்புறம்தான் யோசனையே வந்தது.

டயர்களில் 35 பி.எஸ்.ஐ. காற்று இருந்தது. நான்கிலும் 16 வரை இறக்கினேன். காற்று குறையக் குறைய டயரின் பக்கச்சுவர் மெல்லப் பிதுங்கி, மணலில் படியும் பரப்பு நீண்டது. எடை அப்படிப் பரவினால்தான் டயர் புதையாது. பிறகு வண்டிக்கு அடியில் முட்டிக்கொண்டிருந்த மணலை வாரினேன். இதற்கே ஒரு மணி நேரம் ஆனது. இதில் சோம்பல்பட்டால் மற்ற எதுவும் பலிக்காது. சக்கரங்களுக்குப் பின்னால் சரிவாக வழி வெட்டி, லோ ரேஞ்ச் ரிவர்ஸில் (வேகம் குறைந்து இழுவிசை கூடும் கியர் அமைப்பில், பின்னோக்கி), வந்த தடத்திலேயே மெதுவாக எடுத்தேன். இரண்டாவது முயற்சியில் வண்டி வெளியே வந்தது.

காற்று குறைந்த டயரோடு வேகமாகப் போகவோ சட்டென்று திருப்பவோ கூடாது. டயர் ரிம்மை விட்டுக் கழன்றுவிடும். கெட்டித் தரை வந்ததும் கம்ப்ரஸரால் காற்றை நிரப்பினேன். இப்போதெல்லாம் மணல் தொடங்கும் முன்பே டயர் காற்றை இறக்கிவிடுகிறேன்.