மேடில்லாத ஊரில் மிதிக்கும்போது: காவிரி டெல்டா சைக்கிள் பயணத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கல்லணையிலிருந்து பூம்புகார் வரை சாலைவழி சுமார் 125 கிலோமீட்டர். இவ்வளவு தூரத்தில் நிலம் மொத்தமாக இறங்குவது ஏறத்தாழ 60 மீட்டர். கிலோமீட்டருக்கு அரை மீட்டர் என்று வைத்துக்கொள்ளலாம். அந்தச் சரிவு தண்ணீருக்குத் தெரியும், சைக்கிளுக்குத் தெரியாது. ஏற்றமே இல்லையே, ஒரு நாளைக்கு நூறு கிலோமீட்டர் போய்விடலாம் என்று பலரும் கணக்குப் போடுவது இதை நம்பித்தான். பெரும்பாலான தொல்லைகள் அந்தக் கணக்கில்தான் தொடங்குகின்றன.

மலையில் ஏற்றம் இருந்தால் இறக்கமும் இருக்கும். இறக்கத்தில் கால் ஓயும், உடம்பு நிமிரும், சீட்டிலிருந்து சற்று எழும்பி வரலாம். டெல்டாவில் மிதிப்பதை நிறுத்தினால் வண்டியும் நின்றுவிடும். கியர் இல்லாத 28 அங்குல சைக்கிளில் 50 கிலோமீட்டர் போனால் பெடல் ஒன்பதாயிரம் முறை வாக்கில் சுற்றும். அத்தனையும் ஒரே இருப்பில், ஒரே பிடியில். இரண்டாம் நாளே தொடை இடுக்கு புண்ணாகும், உள்ளங்கை மரத்துப்போகும். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை சில நொடி பெடலில் எழுந்து நில்லுங்கள். அரை மணிக்கு ஒருமுறை இறங்கி நடங்கள். சீட்டில் உட்கார்ந்து, பெடலைக் கீழே விட்டு, குதிகாலை அதன்மேல் வைத்தால் கால் நேராக நீள வேண்டும். ஊரில் ஓட்டும் பழக்கத்தில் பெரும்பாலோர் சீட்டைத் தாழ்த்தியே வைத்திருக்கிறார்கள். முழங்கால் வலிக்கு முதல் காரணம் இதுதான். கியர் வண்டி வைத்திருப்பவர்கள் சமதரைதானே என்று கனமான கியரிலேயே அழுத்திக்கொண்டு போவது அடுத்த காரணம். ஒரு கியர் இறக்கி, காலை இலகுவாகச் சுழலவிடுங்கள்.

நாளுக்கு 40 முதல் 50 கிலோமீட்டர் போதும். 1930 ஏப்ரல் 13 அன்று ராஜாஜி தலைமையில் திருச்சியிலிருந்து புறப்பட்ட உப்புச் சத்தியாக்கிரகிகள் தஞ்சாவூர், கும்பகோணம், மன்னார்குடி வழியாக நடந்து, பதினைந்து நாளில் வேதாரண்யம் சேர்ந்தார்கள். சுமார் 240 கிலோமீட்டர். அந்தத் தடத்தைச் சைக்கிளில் ஐந்து நாளில் முடிப்பது நிதானமான கணக்கு. மூன்று நாளில் முடித்தால் பார்த்தது தார் ரோடு மட்டுமாகத்தான் இருக்கும்.

காற்றைக் கேட்காமல் திசை முடிவு செய்வது

டெல்டாவில் மலை இல்லாத குறையைக் காற்று தீர்த்துவைக்கும். மறைக்க ஒன்றுமில்லாத வயல்வெளியில் எதிர்க்காற்று வந்தால் ஒரு மணி நேர வழி ஒன்றரை மணி நேரமாகும். அதற்கு உச்சி என்று ஒன்றும் கிடையாது, சாயங்காலம் வரை அடிக்கும். ஆடிக்காற்றில் அம்மி பறக்கிறதோ இல்லையோ, அது அடிப்பது மேற்கிலிருந்து. எனவே ஆனி முதல் ஆவணி வரை கல்லணையில் தொடங்கிக் கடலை நோக்கிப் போங்கள். மார்கழி, தை, மாசியில் காற்று வடகிழக்கிலும் கிழக்கிலுமிருந்து வரும். அப்போது பூம்புகாரிலோ நாகப்பட்டினத்திலோ தொடங்கி மேற்கே வருவதுதான் புத்தி. ஆற்றுக்கு எதிர்த்திசையில் போகிறோமே என்று தோன்றும். முதுகில் காற்று தள்ளும்போது அந்த எண்ணம் போய்விடும். கோடையில் கடலோரத்தில் பிற்பகலானால் கடற்காற்று எழும். அந்த நாட்களில் கிழக்கே போகும் பகுதியைக் காலை பதினொரு மணிக்குள் முடித்துவிட வேண்டும்.

பருவத்தைப் பற்றி ஒரு வார்த்தை. ஐப்பசி, கார்த்திகையைத் தவிருங்கள். மழை மட்டுமல்ல, புயலும் அந்த மாதங்களில்தான். 2018 நவம்பர் 16 அதிகாலை கஜா கரையைக் கடந்தது வேதாரண்யம் பக்கம். மேட்டூர் அணையை வழக்கப்படி திறக்கும் நாள் ஜூன் 12, மூடும் நாள் ஜனவரி 28. மழையையும் அணையின் இருப்பையும் பொறுத்து இது முன்பின் ஆகும். மாசி, பங்குனியில் வந்துவிட்டு ஆற்றில் மணல்தான் இருக்கிறது என்று குறைப்படுபவர்கள் இந்தத் தேதிகளைப் பார்க்காதவர்கள். எங்களைக் கேட்டால் தை முதல் இரண்டு வாரம்: ஆற்றில் தண்ணீர் மிச்சமிருக்கும், வெயில் ஏறியிருக்காது. ஆனால் அப்போதுதான் சம்பா அறுவடையும் தொடங்குகிறது.

ரோடு ரோடு மட்டுமல்ல

அறுவடைக் காலத்தில் கிராமச் சாலையில் பாதி களமாகிவிடும். நெல்லைப் பரப்பிக் காயவைத்திருப்பார்கள்; வண்டி ஏறாமலிருக்க ஓரத்தில் கல், செங்கல், முள் என்று வரிசையாக வைத்திருப்பார்கள். காய்ந்த நெல்மேல் டயர் ஏறினால் மணிகள் குண்டுமணி போல உருளும். நேராகப் போகும்வரை ஒன்றுமில்லை. திருப்பினாலோ முன்பிரேக்கைப் பிடித்தாலோ சக்கரம் வழுக்கி ஆள் கீழே. அதுவும் தவிர, அது ஒருவரின் ஆறு மாத உழைப்பு; மணி அடித்துக்கொண்டு அதன்மேல் ஓட்டிப்போவது அழகல்ல. இறங்கித் தள்ளிக்கொண்டு போனால் அரை நிமிடம் ஆகும், டீ குடித்துவிட்டுப் போகச் சொல்லி அழைப்பும் வரலாம். நெல்லை அள்ளிய பிறகும் கற்கள் ரோட்டிலேயே கிடக்கும். இருட்டில் சைக்கிள் விழுவது பெரும்பாலும் அந்தக் கற்களில்தான்.

பங்குனி, சித்திரையில் வேறு விதம். உளுந்து, பயறுச் செடிகளைப் பிடுங்கி, போகிற வண்டி மிதித்து மணி உதிரட்டும் என்று ரோட்டில் போட்டிருப்பார்கள். பஸ்ஸுக்கும் டிராக்டருக்கும் அது சரி. சைக்கிளில் அந்தக் கொடி செயினிலும் ஃப்ரீவீலிலும் சுற்றிக்கொள்ளும். கியர் வண்டியில் ‘கரகர’ என்று சத்தம் வந்த உடனே மிதிப்பதை நிறுத்த வேண்டும். இன்னும் இரண்டு மிதி அழுத்தினால் கொடி பின் கியர் மாற்றியை இழுத்துப் போக்ஸ் கம்பிக்குள் தள்ளிவிடும். அது மாட்டியிருக்கும் காது வளையும் அல்லது உடையும். அந்தப் பாகம் நீடாமங்கலத்தில் கிடைக்காது. நிறுத்தி, பெடலைப் பின்பக்கமாகச் சுற்றி, கையால் உருவி எடுத்துவிடுங்கள். வைக்கோலுக்கும் இதே வைத்தியம்தான்.

குறுகிய ஆற்றுக்கரைச் சாலைகளில் இன்னொரு பொறி, தாருக்கும் மண்ணுக்கும் இடையே உள்ள படி. பஸ் வரும்போது ஒதுங்கி மண்ணில் இறங்கியவர், ஓட்டியபடியே பக்கவாட்டில் திரும்ப ஏற முயல்வார். முன்சக்கரம் தார் விளிம்பை உரசிக்கொண்டே போகும், ஏறாது. ஹேண்டில்பார் திரும்பி, விழுவது ரோட்டுப் பக்கம். நின்று, தூக்கி வைத்து ஏறுங்கள். மழை பெய்த மறுநாள் கரையின் வண்டிப்பாதையில் இறங்குவதும் வேண்டாம். திருவாரூர், நாகை பக்கத்துக் களிமண் மட்கார்டுக்கும் டயருக்கும் நடுவே அடைத்துக்கொண்டு சக்கரத்தையே பூட்டிவிடும். ஒரு முழுநாள் வெயில் அடித்த பிறகு அதே பாதை பலகை மாதிரி இருக்கும்.

வரைபடத்தில் பக்கம், சைக்கிளில் தூரம்

டெல்டாவின் ஆறுகள் பெரும்பாலும் மேற்கிலிருந்து கிழக்காக ஓடுகின்றன. சாலைகளும் அவற்றோடு சேர்ந்தே போகும். கிழக்கு மேற்காகப் போவது எளிது. வடக்கு தெற்காகக் கடப்பதுதான் சிக்கல். தஞ்சாவூரிலிருந்து திருவையாறு போகும் 12 கிலோமீட்டருக்குள்ளேயே வெண்ணாறு, வெட்டாறு, குடமுருட்டி, காவிரி என்று பாலம் பாலமாக வரும். அங்கே பாலத்துக்குப் பஞ்சமில்லை. கொள்ளிடம் அப்படியல்ல. திருமானூர், நீலத்தநல்லூர், அணைக்கரை என ஒரு பாலத்துக்கும் அடுத்ததுக்கும் இடையே பத்து முதல் முப்பது கிலோமீட்டர். கும்பகோணத்திலிருந்து கங்கைகொண்ட சோழபுரம் போக நினைப்பவர் அணைக்கரையை வைத்தே அன்றைய வழியை வகுக்க வேண்டும். எதிர்க்கரையில் தெரியும் கோபுரத்தை நம்பி மணலில் சைக்கிளைத் தள்ளுவது வீண்.

நான்குவழிச் சாலையில் போனால் சீக்கிரம் போகலாம்தான். ஆனால் டெல்டாவைப் பார்க்க வந்தவருக்கு அங்கே காண ஒன்றுமில்லை. கல்லணை, திருக்காட்டுப்பள்ளி, திருவையாறு, கணபதி அக்ரஹாரம், கபிஸ்தலம், சுவாமிமலை, கும்பகோணம் என்று காவிரியை ஒட்டியே வரும் சாலை நிழலும் டீக்கடையும் உள்ளது. நேரத்தையும் கோயில்களை வைத்தே அமைத்துக்கொள்ளுங்கள். பெரும்பாலான கோயில்கள் பன்னிரண்டு மணி வாக்கில் நடை சாத்தினால் திறக்க நான்கு மணி. காலை ஐந்தரைக்குக் கிளம்பி, பத்தரைக்குள் முக்கால் தூரத்தை முடித்து, நடை சாத்துமுன் ஒரு கோயில், பிறகு சாப்பாடு, தூக்கம். நான்கு மணிக்கு மிச்சத் தூரம். இருட்டும் முன் லாட்ஜ். அந்தி மயங்கியபின் விளக்கொளிக்கு வயல் பூச்சிகள் மொய்க்கும், கண்ணில் விழும். பாம்பும் வரப்பிலிருந்து ரோட்டுக்கு வரும். ஓரத்தில் ஒதுங்குவதானால் டார்ச் இல்லாமல் புல்லில் கால் வைக்காதீர்கள்.

முகூர்த்த நாளில் கும்பகோணத்தில் அறை கிடைப்பது கஷ்டம். ஆகஸ்ட் 29 முதல் செப்டம்பர் 8 வரை வேளாங்கண்ணிப் பக்கம் பாதயாத்திரைக் கூட்டம். காலண்டரைப் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.

வண்டியும் சாமானும்

விலை உயர்ந்த மெல்லிய டயர் வண்டிதான் வேகமானது என்று அதை எடுத்துவருவது டெல்டாவுக்குப் பொருந்தாத தேர்வு. ஆற்றுக்கரையெங்கும் சீமைக்கருவேல முள். மெல்லிய டயரில் அது நேரே டியூபுக்குப் போகும். அதைவிட முக்கியம், சிறிய ஊர்ச் சைக்கிள் கடையில் கிடைப்பது 28 அங்குல, 26 அங்குல டியூபுகள்; மெல்லிய வால்வு வைத்த டியூப் கிடைக்காது. அப்படிப்பட்ட வண்டியே உங்களுடையது என்றால் இரண்டு டியூப், டயர் கழற்றும் லிவர் இரண்டு, சொல்யூஷன், ஒட்டு, சொந்தப் பம்ப் கட்டாயம். பழைய மாடல் சைக்கிள் என்றால் ஒரு சாண் வால் டியூப், அதாவது வால்வில் மாட்டும் சன்னமான ரப்பர் குழாய், போதும். காற்று இறங்கினால் முதலில் பார்க்க வேண்டியது அதைத்தான், பஞ்சரை அல்ல. பஞ்சர் ஒட்டும்போது டியூபில் ஓட்டையைக் கண்டதும் அவசரப்பட்டு ஒட்டி மாட்டிவிடுவார்கள். டயரின் உட்புறத்தை விரலால் மெதுவாகத் தடவிப் பாருங்கள். முள்ளின் நுனி அங்கேயே நிற்கும், அரை கிலோமீட்டரில் அதே இடத்தில் மறுபடி குத்தும்.

செயினுக்குத் தேங்காய் எண்ணெய் விடாதீர்கள். புழுதியும் உமித்தூசியும் அதில் ஒட்டி அரைமாவு போலாகும். தையல் மிஷின் எண்ணெய், ஒரு கண்ணிக்கு ஒரு சொட்டு. பத்து நிமிடம் கழித்து வெளிப்பக்கத்தைத் துணியால் துடைத்துவிட வேண்டும். சாமான் எட்டுப் பத்துக் கிலோவைத் தாண்ட வேண்டாம். அது முதுகில் தொங்காமல் கேரியரின் இரு பக்கமும் சமமாகத் தொங்க வேண்டும். ஒரு பக்கம் கனத்தால் சமதரையிலும் வண்டி இழுக்கும்.

தண்ணீர் விஷயத்தில், ஊருக்கு ஊர் அடிபம்பு இருக்கிறது என்று வெறும் ஒரு பாட்டிலோடு வருவார்கள். திருவையாற்றுப் பக்கம் அது நடக்கும். கடலை நெருங்க நெருங்க, குறிப்பாக வேதாரண்யம் பக்கம், நிலத்தடி நீர் உப்பு. திருத்துறைப்பூண்டியிலேயே மூன்று லிட்டர் நிரப்பிக்கொள்ளுங்கள். வெயிலில் மணிக்கு அரை முதல் முக்கால் லிட்டர் குடிக்க வேண்டிவரும். வெறும் தண்ணீராகவே குடித்துக்கொண்டிருந்தால் கெண்டைக்கால் பிடித்துக்கொள்ளும். நடுநடுவே உப்புப் போட்ட மோர். டீயும் வடையுமாகக் காலையை ஓட்டுவதைவிட நாலு இட்லி மேல்.

ஆற்றைக் கண்டதும் இறங்கிக் குளிக்கத் தோன்றும். மதகு, ஷட்டர், கதவணைக்கு அருகே இறங்கவே கூடாது. மேலே பார்த்தால் அசையாத தண்ணீர், அடியில் இழுப்பு. கொள்ளிடத்தில் மணல் அள்ளிய குழிகள் உண்டு; முழங்கால் ஆழத்தில் நடந்தவர் அடுத்த அடியில் தலை முழுகிப்போவார். ஊர்க்காரர்கள் குளிக்கும் படித்துறையில், அவர்கள் இருக்கும் நேரத்தில் குளியுங்கள்.

திரும்பும்போது ரயிலில் சைக்கிளை ஏற்ற நினைத்தால் பார்சல் அலுவலகம் உள்ள, வண்டி சில நிமிடமாவது நிற்கும் திருச்சி, தஞ்சாவூர், மயிலாடுதுறை போன்ற நிலையங்களுக்குப் போங்கள். இரண்டு நிமிடம் நிற்கும் ஊரில் பிரேக் வேனைத் திறந்து ஏற்றுவதற்குள் பச்சைக்கொடி காட்டிவிடுவார்கள். இரண்டு மணி நேரம் முன்னதாகப் போய், பெடலைக் கழற்றி, ஹேண்டில்பாரைத் திருப்பிக் கட்டி, பெயரும் இறங்கும் நிலையமும் எழுதிய அட்டையை இரண்டு இடத்தில் கட்டுங்கள். இடது பெடல் மரை மட்டும் எதிர்ப்பக்கமாகச் சுற்றும். வழக்கம்போல இறுக்கித் திருகி மரையைக் கெடுத்துக்கொள்பவர்கள் நிறைய. கோடியக்கரை, வேதாரண்யம் உப்பளக் காற்றில் போய்வந்த வண்டி என்றால், ஏற்றுவதற்கு முன்பே நல்ல தண்ணீரில் கழுவித் துடைத்து செயினுக்கு எண்ணெய் விட்டுவிடுங்கள். வீடு வந்து பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால் இரண்டே நாளில் துரு ஏறியிருக்கும்.