வீட்டுத் தக்காளிக் கலப்பு: கோட்டை விடுவது இரண்டாம் தலைமுறையில்

மாடித்தோட்டத்தில் இரண்டு ரகங்களைக் கலந்து பார்ப்பவர்களுக்குப் பூ வேலை சீக்கிரமே கைவந்துவிடுகிறது. சறுக்கல் அதற்குப் பிறகுதான். குட்டையாகக் கொத்தாக நிற்கும், பழம் சிவக்கும் பி.கே.எம்.1 ரகம் தாய், கொடியாக ஓடும் மஞ்சள் செர்ரி தந்தை என்று வைத்துக்கொள்வோம். வேண்டியது மஞ்சள் பழம் காய்க்கும் குட்டைச் செடி.

விரிந்த பூவில் மகரந்தப்பை நீக்குவது

வீண் வேலை. அதற்குள் பூ தன் மகரந்தத்தையே ஏற்றிருக்கும். மறுநாள் விரியும் மொட்டில் செய்யுங்கள்.

எஃப்1-ஐப் பார்த்துச் சோர்ந்துபோவது

கலப்பு விதையில் முளைக்கும் முதல் தலைமுறைதான் எஃப்1. செடி கொடியாக ஓடும், பழம் சிவக்கும், அளவும் செர்ரிப் பக்கம் சாயும். அப்படித்தான் வர வேண்டும்; மஞ்சளும் குட்டையும் ஒடுங்கு பண்புகள், அதாவது தாய், தந்தை இரு பக்கமிருந்தும் வந்தால்தான் வெளியே தெரிபவை. குட்டையாகவே வந்தால்தான் சந்தேகப்பட வேண்டும்: கலப்பு நடக்காமல் தாய் தன் மகரந்தத்திலேயே காய்த்திருக்கிறது. எஃப்1-க்கு இரண்டு செடி போதும்.

எஃப்2-வில் நாலே செடி வைப்பது

எஃப்1 செடியின் விதையில் வரும் இரண்டாம் தலைமுறை எஃப்2. எரிச்சலூட்டுவது இதுதான். விதை முளைத்துப் பழம் பழுக்க நான்கு மாதம் ஆகிறது. அதன் முடிவில் "கலப்பு சரியில்லை" என்று செடிகளைப் பிடுங்கிப் போடுகிறார்கள். கலப்பில் குறையில்லை, கணக்கில்தான் குறை. இரண்டு ஒடுங்கு பண்புகளும் ஒரே செடியில் சேர்வது 16-ல் ஒன்று. நாலு செடி வைத்தால் ஒன்றுகூடக் கிடைக்காமல் போக 77 சதவீதம் வாய்ப்பு. 95 சதவீத உறுதி வேண்டுமானால் 47 செடி வேண்டும்.

அத்தனைக்கு இடம் ஏது என்பார்கள். பெரிய பை எதற்கு? குழித்தட்டில் 50 நாற்று விட்டு, ஆறு அங்குல நாற்றுப் பைக்கு மாற்றுங்கள். இரண்டு பூங்கொத்துக்கு நடுவே மூன்று இலை விட்டுக்கொண்டே போனால் கொடி. ஒன்றிரண்டு இலையோடு கொத்து வந்து, நுனியே பூவாக முடிந்தால் குட்டை. கொடிகளை அப்போதே கழித்துவிடலாம். மிஞ்சுவது பன்னிரண்டு போல. அவற்றில் ஒரு கொத்து பழுத்தாலே நிறம் தெரிந்துவிடும். மஞ்சள் மூன்று தேறும்.

பெரிய பழமாகப் பொறுக்கி விதை எடுப்பது

பழத்தை அல்ல, செடியைத் தேர்ந்தெடுங்கள். ஒரு செடியின் சின்னப் பழத்துக்கும் பெரிய பழத்துக்கும் மரபு ஒன்றே.

விதைகளை ஒன்றாகக் கொட்டி வைப்பது

செடிக்கொரு பொட்டலம், பொட்டலத்துக்கொரு எண். மஞ்சளும் குட்டையும் இனி மாறாது. அளவு, சுவை, தோலின் தடிப்பு மட்டும் எஃப்3-இலும் பிரியும். பொட்டலத்துக்கு ஆறேழு செடி வீதம் வைத்து, எஃப்6 வரை இப்படியே தேர்ந்தெடுத்துக்கொண்டு போங்கள்.