பிசியோ அறைக்கு ரோபோ வந்தால் முதலில் அதை உட்கார வையுங்கள்

நாற்காலியிலிருந்து எழுந்து நின்று மறுபடி உட்காருவது. இதையே பத்துப் பத்து தடவையாக இன்றைக்கு, நாளைக்கு, அடுத்த மாதமும் செய்ய வேண்டும் என்று பெருமூளை வாதம் (மூளைப் பாதிப்பால் உடம்பை அசைக்கச் சிரமப்படும் நிலை) உள்ள ஆறு வயசுப் பிள்ளையிடம் சொல்லிப் பாருங்கள், மூன்றாவது தடவையிலேயே தண்ணி வேணும், பாத்ரூம் போகணும், அம்மா எங்கே. சோஷியல் ரோபோ உதவுவது இந்த இடத்தில்தான். காலைப் பிடித்து நடக்க வைக்கிற இயந்திரங்கள் வேறு வகை. இது பிள்ளையைத் தொடாது, எதிரில் நின்று தானும் செய்துகாட்டி, எண்ணி, பாராட்டும், அவ்வளவுதான்.

இந்த வேலைக்கு அதிகம் பயன்பட்டிருப்பது நாவோ (NAO) என்ற குட்டி மனித உருவ ரோபோ. 58 சென்டிமீட்டர் உயரம், ஐந்தரை கிலோ எடை. மெல்போர்னில் ராயல் சில்ட்ரன்ஸ் ஹாஸ்பிட்டலும் ஸ்வின்பர்ன் பல்கலைக்கழகமும் சேர்ந்து இதைப் பெருமூளை வாதக் குழந்தைகளின் பயிற்சிக்குப் பழக்கினார்கள். ஸ்பெயினில் செவில் நகர மருத்துவமனையில், பிறக்கும்போதே கை நரம்பு அடிபட்ட பிள்ளைகளும் இதோடு கை தூக்கிப் பயிற்சி செய்தார்கள், அங்கே உடம்பு அசைவைக் கவனிக்கும் கினெக்ட் என்ற கேமரா பிள்ளையின் கை சரியான இடத்துக்கு வந்ததா என்று பார்த்தது.

முதல் நாள் எக்சர்சைஸே வேண்டாம். பிள்ளை வரும்போது ரோபோ உட்கார்ந்தே இருக்கட்டும். திடீரென்று மோட்டார் சத்தத்தோடு எழுந்தால் பிள்ளை திடுக்கிடும், தசை இறுக்கம் உள்ள பிள்ளைக்குத் திடுக்கிட்டாலே உடம்பு விறைத்துவிடும், அப்புறம் அரை மணி நேரம் போச்சு. வலிப்பு உண்டா என்று அம்மாவிடம் முன்பே கேட்டுக்கொண்டு, ரோபோவின் கண் விளக்குகளை மினுக்காமல் வையுங்கள்.

அடுத்தது எந்த எக்சர்சைஸ் என்பது. ரோபோவின் உடம்பால் முடிந்ததை மட்டும் எடுங்கள். நாவோவுக்கு இடுப்பைத் திருப்பும் மூட்டு கிடையாது, கையில் மூன்று விரல், மூன்றும் ஒரே மோட்டாரில் சேர்ந்தே மடங்கும். ஆகவே உடம்பைத் திருப்பும் பயிற்சி, விரல் பயிற்சி எல்லாம் உங்கள் பாடு. கை தூக்குவது, முட்டி மடக்கித் தாழ்வது போன்றவை நன்றாக வரும், ஆனால் மடக்கிய முட்டியோடு ரொம்ப நேரம் நிறுத்தாதீர்கள், மோட்டார் சூடாகித் தளர்ந்துவிடும். மேசைமேல் வேண்டாம், தரையில் பாய் விரித்து நிறுத்துங்கள், ஏனென்றால் விழும். ஒரு தடவை அப்படித்தான் குப்புற விழுந்தது. நாங்கள் பதறினோம், வாக்கரோடு நின்ற பையன் மட்டும் "அதுக்கும் பேலன்ஸ் இல்ல" என்று சொல்லிச் சிரித்து, அன்றைக்கு வழக்கத்தைவிட நான்கு தடவை கூடுதலாக எழுந்தான்.

எண்ணுவதை ரோபோவிடம் விடாதீர்கள். அது தன் வேகத்தில் ஒன்று இரண்டு மூன்று என்று ஓடும், பிள்ளையும் பின்னாலேயே அவசரப்பட்டு முட்டியைக் கோணலாக வைக்கும். லேப்டாப்பில் ஒருவர் உட்கார்ந்து, பிள்ளை ஒரு தடவை முடித்த பிறகே அடுத்த எண்ணை அழுத்தட்டும். இது ஏமாற்று வேலை என்று எனக்கு முதலில் கூச்சமாக இருந்தது, இப்போது இல்லை.

குரல் கட்டளையையும் நம்ப வேண்டாம். பேச்சு குழறும் பிள்ளை மூன்று தடவை சொல்லி ரோபோ புரிந்துகொள்ளாமல் போனால் முகம் வாடிவிடும். அதற்குப் பதில் அதன் தலைமேல் தொடு சென்சார் இருக்கிறது, தலையைத் தட்டினால் அடுத்த ஆட்டம் என்று வையுங்கள். இதில் ஒரு வசதி. இடது கை பலவீனமா? ரோபோவை இடது பக்கம், முழங்கை முழுக்க நீட்டினால்தான் எட்டும் தூரத்தில் உட்கார வையுங்கள். "கையை நீட்டு" என்று நாம் நூறு தடவை கெஞ்சுவதை, தலையைத் தட்டும் ஆசையில் பிள்ளை தானே செய்யும். போகப்போகக் கொஞ்சம் தள்ளி வைக்கலாம்.

நாவோவுக்குத் தமிழ்க் குரல் இல்லை, உங்கள் குரலிலோ அக்கா தங்கச்சி குரலிலோ பதிவு செய்து ஓட விடுங்கள். "சரியா செஞ்சே" என்று பதிய வேண்டாம், தப்பாகச் செய்தாலும் அது அதையே சொல்லும். "விடாம முயற்சி பண்றே" என்றால் எப்போதும் பொருந்தும். வலியில் முகம் சுளிப்பது அதற்குத் தெரியாது. அதைப் பார்த்து நிறுத்த வேண்டியது நீங்கள்.

நாலைந்து தடவைக்குப் பிறகு மவுசு குறையும், அதனால் எல்லா வித்தையையும் முதல் வாரமே காட்டிவிடாதீர்கள், டான்ஸைக் கடைசிக்கு வையுங்கள். ரோபோ வீட்டுக்குப் போக முடியாது, ஆனால் "வீட்டுல பத்து தடவை பண்ணிட்டு வந்து சொல்லு" என்று அது கேட்பதை அம்மாவின் போனில் எடுத்துக்கொடுக்கலாம்.

ஆன் ஆகாத நாளும் வரும். அன்றைக்கு ரோபோவுக்குக் காய்ச்சல் என்று சொல்லிப் பாயில் படுக்க வைத்துவிட்டு, இன்றைக்கு நீதான் பிசியோ, அதுக்குச் சொல்லிக்கொடு என்று பிள்ளையிடம் விட்டுவிடுங்கள். சொல்லிக்கொடுக்க வேண்டுமென்றால் முதலில் தான் செய்துகாட்ட வேண்டுமே.