பழைய பெரிய தொட்டியில் சிக்லிட் மீன் வளர்க்கப் போகிறீர்களா?

பழைய கண்ணாடித் தொட்டியில் கசியும் இடத்துக்கு மட்டும் புது சிலிக்கான் பசை தடவாதீர்கள்; காய்ந்த சிலிக்கான்மேல் புதியது சரியாக ஒட்டாது. உட்புற ஓரங்களில் இருப்பதை முழுக்கச் சுரண்டி எடுத்துவிட்டு, பூஞ்சைத் தடுப்பு மருந்து கலக்காத சிலிக்கானாகப் பார்த்துப் பூசுங்கள். நன்றாகக் காய்ந்ததும் தண்ணீர் நிரப்பிச் சில நாள் கசிவு இருக்கிறதா என்று பாருங்கள். 400 லிட்டர் தொட்டியில் தண்ணீர் மட்டுமே 400 கிலோ. ஸ்டாண்டு துளியும் சாயக் கூடாது.

அப்புறம் பாறைகள். சிக்லிட்கள் மணலைத் தோண்டிக்கொண்டே இருக்கும், அதைப் பார்ப்பதே தனி சந்தோஷம். ஆனால் மணல்மேல் வைத்த பாறை அடியில் குழி விழுந்து சரியும். மீன் நசுங்கலாம், கண்ணாடியும் உடையலாம். பாறையை முதலில் அடித்தளத்தில் ஆடாமல் அமர்த்திவிட்டுப் பிறகு மணலைக் கொட்டுங்கள். ஃபில்டரில் நல்ல பாக்டீரியா வளர்ந்து, மீனுக்கு விஷமான அம்மோனியாவும் நைட்ரைட்டும் தண்ணீரில் பூஜ்ஜியமான பிறகே மீன் விடுங்கள்.