மக்காச்சோளப் படைப்புழு எப்போது பொரிக்கும்? நீங்களே போடலாம் வெப்பக் கணக்கு

மதுரை மாவட்டத்தில் பேரையூர், டி.கல்லுப்பட்டி பக்கம் மானாவாரியாக மக்காச்சோளம் போட்டவர்களுக்குப் படைப்புழுவை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. 2018-இல் கர்நாடகத்தில் முதலில் தென்பட்ட புழு, அதே ஆண்டில் தமிழ்நாட்டுக்கும் வந்துவிட்டது. பலரும் விதைத்த நாளிலிருந்து தேதி எண்ணித்தான் மருந்தடிக்கிறோம். ஆனால் பூச்சிக்குத் தனியாக உடம்புச் சூடு கிடையாது. வெளியே இருக்கிற சூட்டுக்கு ஏற்பத்தான் வளரும். அந்தச் சூட்டைக் கூட்டிக்கொண்டே வந்தால் புழு எந்தப் பருவத்தில் இருக்கிறது என்று ஓரளவு சொல்லிவிடலாம்.

முதலில் முட்டைக் குவியலைக் கண்டுபிடியுங்கள். வரப்பிலிருந்தே எட்டிப் பார்த்தால் போதாது, உள்ளே இறங்கி நாலைந்து இடத்தில் இலையைத் திருப்பிப் பார்க்க வேண்டும். ஒரு குவியலில் நூறு, இருநூறு முட்டை இருக்கும். தாய் அந்துப்பூச்சி தன் உடம்பு மயிரை உதிர்த்து மூடியிருப்பதால், பூஞ்சணம் பூத்த மாதிரி தெரியும். அதைப் பார்த்த நாளைத் தொடக்கமாகக் குறித்துக்கொள்ளுங்கள்.

அப்புறம் தினமும் அதிகபட்ச, குறைந்தபட்ச வெப்பநிலையை எழுதி வையுங்கள். வானிலை அறிக்கையில் மதுரை நகரம், விமான நிலையம் என இரண்டு அளவு வரும். எதையாவது ஒன்றைப் பிடித்துக்கொள்ளுங்கள், மாற்றி மாற்றி எடுக்க வேண்டாம். வயலிலேயே நிழலில் வெப்பமானி மாட்டினால் இன்னும் நல்லது.

கணக்கு இதுதான்: இரண்டையும் கூட்டி இரண்டால் வகுத்து, அதில் 12.5-ஐக் கழியுங்கள். ஏறத்தாழ அந்தச் சூட்டுக்குக் கீழே இந்தப் புழு வளராது. ஐப்பசியில் ஒரு நாள் 32, 24 என்று வைத்துக்கொண்டால் சராசரி 28. கழித்தால் 15.5. இதை அன்றைய 'டிகிரி நாள்' என்பார்கள். தினமும் வருவதை முந்தைய நாள் கூட்டலோடு சேர்த்துக்கொண்டே போங்கள்.

கூட்டல் சுமார் 35 வந்தால் முட்டை பொரிக்கும். மேலே சொன்ன சூட்டில் இரண்டே கால் நாள்தான்! நீங்கள் பார்த்தது நேற்று இட்ட முட்டையாகவும் இருக்கலாம், அதனால் ஒரு நாள் முன்னதாகவே வயலுக்குப் போய்விடுங்கள். 35-இலிருந்து 100 வரைக்கும் புழு சின்னது. இலையின் பச்சையைச் சுரண்டித் தின்று வெள்ளைத் திட்டு விட்டிருக்கும். வேப்பங்கொட்டைச் சாறோ மருந்தோ, கேட்கிற நேரம் இதுதான். அதைத் தாண்டினால் குருத்துக்குள் இறங்கி, தன் எச்சத்தாலேயே குருத்தின் வாயை அடைத்துக்கொள்ளும். மருந்து உள்ளே போகாது. 240-ஐ ஒட்டி மண்ணுக்குள் போய்க் கூட்டுப்புழுவாகும். அப்போது இலைமேல் அடிப்பது காசைக் கொட்டுகிற வேலை. 390 வாக்கில் அந்துப்பூச்சி வெளியே வரும்.

ஆக, ஐப்பசிச் சூட்டில் ஒரு தலைமுறைக்கு 25 நாள். தை மாதம் சராசரி 25.5 என்றால் 30 நாள் ஆகும். மார்கழிப் பனியிலும் மதுரையில் 18-க்குக் கீழே இறங்குவது அரிது என்பதால், வளர்ச்சி முழுசாக நிற்கிற காலம் என்று நமக்கு ஒன்று கிடையாது.

கத்திரி வெயிலில் மட்டும் இந்தக் கணக்கை அப்படியே நம்பாதீர்கள். சராசரி 33 என்று போட்டால் தலைமுறை 19 நாளில் முடிகிற மாதிரி வரும். உண்மையில் 30-க்கு மேல் வளர்ச்சி வேகம் பெரிதாகக் கூடாது, புழு சாவதும் அதிகமாகும். இறவை மக்காச்சோளம் வைத்திருப்பவர்கள், சராசரி 30-ஐத் தாண்டுகிற நாளில் 30 என்றே எழுதிக்கொள்ளலாம்.

அந்துப்பூச்சி ஒன்றிரண்டு வாரம் உயிரோடு இருக்கும். குளுமையான நாட்களில் இன்னும் கொஞ்சம் நீளும். அத்தனை முட்டையையும் ஒரே இரவில் இடாது. அதனால் இரண்டாம் தலைமுறையில் எல்லாப் பருவமும் கலந்து நிற்கும், பழைய கூட்டல் உதவாது. இனக்கவர்ச்சிப் பொறியில் (பெண் பூச்சியின் வாசனையைக் காட்டி ஆண் பூச்சியை இழுக்கும் பொறி) பூச்சி திரும்ப விழ ஆரம்பித்ததும் வயலில் இறங்கி, புது முட்டைக் குவியலைத் தேடி, பூஜ்யத்திலிருந்து எழுதத் தொடங்குங்கள்.